அம்மையார்குப்பத்தில் வாங்கிய பூஜ்யம்

என்னைவிடப் பெரிய முட்டாளைத் திருத்தணிப் பக்கம் தேடினால், என் வீட்டுக் கண்ணாடியில்தான் கிடைப்பான்.

எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் வாசிப்பதைக் காதால் கேட்டு மதிப்பெண் போடும் டேப்லெட்டை அம்மையார்குப்பம் பள்ளி ஒன்றில் சோதித்தேன். பிரமாதம்! அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். இனி முறிக்க முடியாது.

மறுவாரம் அதே பள்ளி. சுற்றிலும் விசைத்தறி இரைச்சல். நன்றாக வாசிக்கும் சிறுமி தொண்டை கிழியக் கத்தியும் பூஜ்யம்தான் வந்தது.

"எனக்குப் படிக்கவே தெரியலன்னு சொல்லுது சார்" என்று தேம்பினாள். எத்தனை பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் இப்படி அழப்போகிறார்களோ! முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொள்ளவும் வழியில்லை, எனக்கு வழுக்கை.

தலைமையாசிரியையிடம் கெஞ்சினேன். "அன்னிக்கு மட்டும் எப்படி டீச்சர் அதுக்குக் காது கேட்டுச்சு?"

"அன்னிக்கு அமாவாசை சார், ஊர்ல ஒரு தறியும் ஓடல."