இறைத்த கிணறு

நான் ஆராய்ந்த வைரசு மனிதரைத் தொடாது. பற்றீரியாவை மட்டுமே கொல்லும், அதிலும் தனக்குப் பழகிய ஒரே வகையை. வேறு வகையைக் கொடுத்தால் ஏறெடுத்தும் பாராது. அதை வேறு வகைக்குப் பழக்குவதுதான் எழுபதுகளில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என் வேலை. காலைதோறும் வைரசைப் புதிய போத்தலுக்கு மாற்றி, பற்றீரியா வளர்க்கும் தட்டுகளில் மாதக்கணக்காக ஒன்றும் நடக்காததைப் பார்த்துச் சலித்துப்போனேன். ஒருநாள் புதிய பற்றீரியாப் படலத்தில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் தெரிந்தன. அந்த இடங்களில் பற்றீரியா செத்திருந்தது. வைரசு மாறிவிட்டது.

பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லது. பழைய வைரசையும் பக்கத்தில வையும். ரெண்டையும் ஒப்பிடாமல் மாறினதெண்டு எழுத ஏலாது."

பழையது எங்கே இருக்கிறது? விடுமுறையில் ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கியவர்கள் என் பழைய போத்தல்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அந்த வைரசு முதலில் கிடைத்தது நெடுந்தீவில், சின்னம்மா வீட்டுக் கிணற்றில். மாடுகள் சுற்றி நிற்கும் கிணறு. தண்ணீர் எப்போதும் கலங்கல். அதே வைரசோ அதன் நெருங்கிய உறவோ இன்னும் அங்கே இருக்கும் என்று நம்பினேன். கரம்பொன்னில் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுபடி தண்ணீர் எடுக்க வருகிறேன் என்று சின்னம்மாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்றில் வள்ளம் ஏறினேன். வழியெல்லாம் சத்தி.

சின்னம்மா வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"முந்தி வந்தநேரம் எங்கட கிணத்தில கிருமி இருக்கெண்டு சொன்னனீ. எவ்வளவு வெக்கம். இந்தமுறை கிணத்தை இறைச்சு, சேறெல்லாம் அள்ளி, குளோரினும் போட்டாச்சு."

எட்டிப் பார்த்தேன். அடிக்கல் தெரிந்தது. மாட்டுத் தொட்டியைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

"எனக்கு அந்த ஊத்தைத் தண்ணிதான் வேணும், சின்னம்மா."

"பகிடி விடாதை பிள்ளை."

உள்ளே சின்னையா, இறைத்த இறைப்பில் முதுகு பிடித்து, பாயில் கிடந்தார். வாய்வரை வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, போத்தலை நிரப்பினேன்.

ஆய்வுகூடத்தில் அந்தத் தண்ணீரை விட்ட தட்டில் பற்றீரியா ஒரு ஓட்டைகூட இல்லாமல் செழித்து வளர்ந்தது. அத்தனை மாத வேலையையும் தூக்கிப் போட்டுவிட்டு, வேறொரு கிணற்றுத் தண்ணீரோடு முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்த முறை கண்டபோது சின்னம்மா பயந்து பயந்து முடிவு கேட்டார். கிணற்றில் ஒன்றுமே இல்லை என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.