டான்ஸியின் பந்தலும் கோரினின் கயிறும்

என் தங்கை டான்ஸி வேலை செய்யும் கஞ்சாக் கூடத்தில் பொழுது தலைகீழாக நடக்கும். மின்சாரம் இரவில் மலிவு என்பதால் விளக்குகள் மாலை ஆறு மணிக்கு எரியும், காலை ஆறுக்கு அணையும். வெளியே பகல் என்றால் உள்ளே செடிகளுக்கு ராத்திரி. அந்த ராத்திரியில் வெள்ளை வெளிச்சம் பட்டால் பூ குழம்பி விதை வைத்துவிடும். விதை வைத்த பூவைக் கடைக்காரர்கள் கையால்கூடத் தொடமாட்டார்கள். ஆகவே பகலில் உள்ளே போகிறவர்கள் நெற்றியில் பச்சை விளக்கு கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

கூடம் முன்பு மரம் அறுக்கும் ஆலையாக இருந்தது. உரிமம் வாங்கிச் சட்டப்படி கஞ்சா வளர்க்கும் எங்கள் ஹம்போல்ட் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கொட்டகைகள் நிறைய. கூரை தாழ்வானது. விளக்குகளை மாட்டியதும், இரும்பு மேசைகளைப் பற்றவைத்துச் செய்ததும் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்றாலும் நான் செய்த மேசை ஆடாது. தொட்டியிலிருந்து கசியும் தண்ணீர் தானாகக் குழாய்க்குப் போகும்படி ஒவ்வொன்றுக்கும் சரிவு கொடுத்திருக்கிறேன்.

டான்ஸியின் வேலை பந்தல். மேசைக்கு மேல் கட்டிய வலையின் கண்களில் கிளைகளைப் படியவிட்டு, எல்லாத் தலைகளையும் ஒரே மட்டத்தில் பரப்ப வேண்டும். ஒரு கிளை மேலே முட்டிக்கொண்டு போனால் விளக்குச் சூட்டில் வெளுத்துவிடும். கீழே தங்கிப்போனால் அதில் வரும் பூ வைக்கோல் போலிருக்கும். விளக்கு எரியும்போது அவள் மேசைக்கு அடியில் மல்லாந்து படுப்பாள். தரையில் காசு காசாக வெளிச்சம் விழுந்தால் மேலே பந்தலில் ஓட்டை என்று அர்த்தம். எழுந்து வந்து பக்கத்துக் கிளையை அந்த ஓட்டைக்கு இழுத்து விடுவாள். வேறு யாரும் அங்கே இப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

முதலாளி கோரினுக்கும் ஒரு வழக்கம் உண்டு. செடிகள் பூவுக்குத் திரும்பி, வளர்த்தி நிற்கிற சமயத்தில் கொத்தனார் கயிறு ஒன்றைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டுவாள். கயிற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் கத்தரியால் வெட்டுவாள். யாருடைய செடி என்று பார்க்கமாட்டாள்.

வீட்டில் வளர்க்கச் சட்டம் விடுகிற ஆறு செடிகளை வைத்துக்கொண்டு, டான்ஸி சில வருஷங்களாகச் செடிக்குச் செடி மகரந்தம் சேர்த்து ஒரு ரகம் உண்டாக்கியிருந்தாள். ஆரஞ்சுத் தோலும் மிளகும் கலந்த வாசனை. குறை ஒன்றுதான், உயரம். கோரின் சுவரோரத்து மேசையை அதற்குக் கொடுத்தாள்.

"ஒரு தடவைதான், டான்ஸி. கயிறு கட்டுற அன்னிக்கு இதுவும் மத்ததும் ஒரே மட்டமா இருக்கணும். தலையை வெட்டினா இதுல மிச்சம் என்ன இருக்கும்னு உனக்கே தெரியும். அப்புறம் இந்த ரகத்தைப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது."

உயரத்தைக் குறைக்க டான்ஸி ஒவ்வொரு தண்டையும் விரலிடுக்கில் நசுக்கி, தோல் கிழியாமல் மடக்கி, வலைமேல் படுக்கவைத்தாள். பிறகு இரண்டு நாள் விடுப்பில் வீட்டில் இருந்தாள்.

அந்த இரண்டு நாளும் டெல்மர் மாமா அங்கே வேலைக்கு வந்திருந்தார். எங்கள் அப்பாவின் சிநேகிதர். ஆயுள் முழுக்க மலையில், திறந்த வெயிலில் செடி வளர்த்தவர். மலையில் கடல்காற்று கிளையை ஒடித்தால் குச்சி வைத்து நிமிர்த்தி, நாடா சுற்றிக் காப்பாற்றுவார்கள். டான்ஸி திரும்பி வந்தபோது அவள் செடிகள் எல்லாம் பச்சை நாடாவோடு நிமிர்ந்து நின்றன. அவள் கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வெளியே மத்தியானப் பனிமூட்டம், உள்ளே கும்மிருட்டு. டெல்மர் மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எவனோ உன் செடியெல்லாம் ஒடிச்சுப் போட்டிருந்தான்மா. ஒவ்வொண்ணா தூக்கிக் கட்டினேன். ஒரு கிளைகூட சாகல!"

"மாமா, ஒடிச்சது நான்தான்."

பச்சை வெளிச்சத்தில் அவர் அவளையே பார்த்தார். "ஏன்மா? அதுங்க மேல உனக்கு என்ன கோவம்?"

அவள் ஒரு தண்டைத் தடவிப் பார்த்தாள். நசுக்கிய இடம் கெட்டியான முடிச்சாக இறுகியிருந்தது.

"மறுபடி மடக்கினா?" என்று கேட்டேன்.

"முறிஞ்சிடும். சாயங்காலம் விளக்கு எரிஞ்சதும் கோரின் கயிறோட வந்துடுவா. அண்ணா, விளக்கைத் தூக்க முடியுமா?"

"இதுக்கு மேல கூரைதான் இருக்கு. பொத்துட்டு வானத்துல தொங்கவிடவா? அப்படியே தூக்கினாலும் கயிறு தூக்கின மாதிரி ஆகுமா?"

அவள் குனிந்து மேசையின் கால்களைப் பார்த்தாள். "அப்ப மேசையை இறக்கு."

"இறக்கினா சரிவு போயிடும். தண்ணி குழாய்க்குப் போகாது."

"நான் அள்ளிக்கிறேன்."

"அறுப்பு வரைக்குமா?"

"அறுப்பு வரைக்கும்."

வலைச் சட்டமும் மேசையோடு பிணைந்தது என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகவே இறக்க முடிந்தது. வண்டி ஜாக்கியை மேசைக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, பச்சை விளக்கில் திருகுகளைத் தடவித் தடவிக் கழற்றினேன். மூவரும் மூலைக்கு மூலை மாறிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மரக்கட்டைகள் மேல் இறக்கினோம். ஓரிடத்தில் ஒரு கிளை படக்கென்று ஒடிந்தது. டெல்மர் மாமாவின் கை சட்டைப்பைக்குள் போனது.

"மாமா, நாடாவை எடுத்தீங்க, உங்க வாயில சுத்துவேன்," என்றாள் டான்ஸி.

ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன. கோரின் கயிற்றை இழுத்துக் கட்டிக் கத்தரியோடு நடந்தாள். மற்ற மேசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் விழுந்தன. சுவரோரத்தில் கயிறு செடிகளுக்கு மேலே தொடாமல் போனது. கோரின் கீழே பார்த்தாள்.

"மேசைக்குக் கால் எங்க?"

"என் வண்டியில இருக்கு," என்றேன்.

கத்தரியை மூடித் திறந்தாள். பிறகு மூடினாள். "கயிறு செடியைத்தான் கேக்கும், மேசைக் காலைக் கேக்காது. ஆனா தண்ணி தேங்கிப் பூஞ்சை பிடிச்சுதுன்னா மேசையோட சேர்த்து வெளியே போட்டுடுவேன், ஆமா."

அதன்பிறகு டான்ஸி விடுப்பு எடுக்கவில்லை. தண்ணீர் விட்ட பிறகெல்லாம் மண்டியிட்டு, தண்ணீர் உறிஞ்சும் கருவியால் இழுத்து, மூலையில் மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். முழங்காலில், தரைவிரிப்பு போடுகிறவர்கள் கட்டும் மெத்தைப் பட்டையைக் கட்டிக்கொண்டாள். அதைக் கட்டியபடியே ஒருநாள் கடைக்குப் போய்விட்டாள். சில நாள் டெல்மர் மாமா கேட்காமலே வந்து மறுபக்கத்தில் மண்டியிட்டார்.

அறுத்து உலர்த்திய பிறகு கோரின் ஒரு பூவை உடைத்து முகர்ந்தாள். இன்னொன்றையும் உடைத்தாள்.

"அடுத்த நடவுக்கு ரெண்டு மேசை எடுத்துக்கோ. கால் வச்ச மேசை. உன் முழங்காலைப் பாக்கச் சகிக்கல."

அந்த வாரம், செடி கயிற்றைத் தொடாமலும் தண்ணீர் தானாக ஓடும்படியும் இரண்டு மேசைக்கும் குட்டைக் கால்கள் அறுத்தேன். டான்ஸி மட்டப்பலகையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, குழாய்ப் பக்கம் இன்னும் ஒரு விரல் இறங்க வேண்டும் என்றாள். நான் அளந்தது சரிதான். இருந்தாலும் ஒரு விரல் அறுத்தேன்.