கேந்தி மாலை போட்ட கார்

விஜயதசமி அன்று சாயங்காலம் நாலு இருபதுக்கு என் போன் அடித்தது. மகளின் தோழி. சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, தன்னை அழைத்துவரப் போன என் மகளுக்காக விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அவ கிளம்பிட்டாளா? போன் ஸ்விட்ச் ஆஃப்னே வருது."

மகள் மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டாள். வண்டியூரில் எங்கள் வீட்டிலிருந்து ரிங் ரோடு வழியாகப் போனால் விமான நிலையத்துக்கு அரை மணி நேரம் போதும். அவள் போனது என் காரில். அந்தக் காரை அவள் தனியாக எடுத்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

"வந்துருவாம்மா, அங்கேயே நில்லு" என்று சொல்லிப் போனை வைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. இதெல்லாம் நடந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. இப்போதும் சாயங்காலத்தில் போன் அடித்தால் மகள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொன்னால்தான் என் பயம் புரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளைக் கார் வாங்கத்தான் போனோம். நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் அரிசி மூட்டை வைக்கலாம். பழைய கார் விற்கிறவர் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கண் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. தகரக் கூரைக்கு அடியில் இது நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. சிவப்பாக இருந்த நிறம் வெயில் பட்டுப் பட்டு மிளகாய் வற்றல் நிறத்துக்கு வந்திருந்தது. மற்ற கார்களுக்கு முகத்தில் இருக்கும் கம்பி வலை இதற்கு இல்லை. தரையை ஒட்டி ஒரு நீள வாய் மட்டும் இருந்தது.

"அது ஸ்போர்ட்ஸ் கார்க்கா. பயலுக ஆசைப்பட்டு வாங்குவானுக, ஆறு மாசத்துல கொண்டாந்து விட்டுருவானுக. குடும்பத்துக்கு ஆகாது," என்றார் அவர். வெள்ளைக் காரைவிட அது விலை குறைவு. கேட்பாரில்லை.

"சும்மா உக்காந்து பாக்கட்டுமா?" என்றேன்.

உட்காருவது என்று சொல்லக் கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். சேலையைச் சுருட்டிப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, காலை நீட்டி உள்ளே இறங்கினேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற, நாற்பத்தாறு வயதான ஒருத்திக்கு அந்த இருக்கை ஏன் அப்படிப் பொருந்தியது என்று இன்றுவரை தெரியவில்லை. முதுகை யாரோ தாங்கிப் பிடித்ததுபோல் இருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. மனம் வந்தபோது எழுந்திருக்க முடியவில்லை. கணவர்தான் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"வீட்டுல மூணு பேரு இருக்கோம்," என்றார். "வெளிய நிக்கப்போற ஆளு யாருன்னு இப்பவே சொல்லிரு."

வெளியே நின்றவர் அவர்தான். மூன்று பேரும் எங்காவது போக வேண்டுமென்றால் மகளும் நானும் காரில், அவர் ஸ்கூட்டரில் பின்னால். "மந்திரி காருக்குப் பின்னாடி ஒரு வண்டி வருமே, அது நாந்தான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். முதல் வருடம் கார் வழியில் நின்ற போதெல்லாம் அந்த ஸ்கூட்டர்தான் முன்னால் போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தது.

நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்துவிட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். சில நாள் தெருமுனையிலிருந்தும் திரும்பியிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் அது கேலி. அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தது இந்தக் கார் ஒன்றுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஓட்டும் நேரத்தைவிடக் காது கொடுத்துக் கேட்கும் நேரம் அதிகம். இரண்டாவது கியரில் மட்டும் வரும் கிணுகிணுப்பு, இடதுபக்கம் வளைக்கும்போது எழும் முனகல், மழை பெய்த மறுநாள் பிரேக் போடும் சின்ன அழுகை, எல்லாம் எனக்கு அத்துப்படி. எது பழைய சத்தம், எது புதுச் சத்தம் என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். காலையில் வெளியே எடுக்குமுன் ஆயில் பார்ப்பேன், தண்ணீர் பார்ப்பேன், டயரைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். பயந்தவளுக்கும் அக்கறையானவளுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வேகத்தடைகள் தனிப் பாடம். நேராக ஏறினால் அடிவயிறு தட்டும். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, ஏற்றி இறக்க வேண்டும். ஒருநாள் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏன்க்கா, காரு ஓட்டுறீங்களா, கோலம் போடுறீங்களா?"

"ரெண்டுந்தாண்ணே," என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

மெக்கானிக்கின் பட்டறை, விமான நிலையம் போகிற வழியில், அவனியாபுரத்தில் இருக்கிறது. வாய் ஓயாத மனிதர். ஊகித்துத்தான் பாதி வேலை செய்வார், தப்பானால் அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். "இதுக்கு சாமான் கேட்டா கடக்காரன் என்னைய ஏற எறங்கப் பாக்குறான் டீச்சர். கிண்டலுக்குக் கேக்குறேன்னு நெனக்கிறான்." கிடைக்காத சாமானுக்கு வேறு காரின் சாமானைத் தேய்த்துப் பொருத்துவார். சில பொருந்தும். சில ஒரு வாரம் பொருந்தும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரித்ததில்லை. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் பளபளவென்று சுருங்கிக் கிடந்தது. "துணி வச்சுத்தான் தொறந்தேன் டீச்சர். துணி என்ன செய்யும்? கொதிக்கிற தண்ணி, ஆளுயரத்துக்கு அடிச்சிருச்சு." அந்தக் கையை நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு ரிங் ரோட்டில் ஏறுவேன். மூன்றாவது கியரில் காலை அழுத்தும்போது அந்தச் சின்ன எஞ்சின் தொண்டையைத் திறந்து ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேஸை அணைத்தேனா என்று நான் யோசித்ததில்லை.

மகள் இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. சாவியைக் கொடுக்குமுன் மூன்று விஷயம் சொல்ல வைப்பேன். கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டே வாய்ப்பாடு போல ராகம் போட்டுச் சொல்வாள்.

"சூடு காட்டுற முள்ளு பாதிக்கு மேல போனா ஓரங்கட்டு. இன்ஜின அமத்து. மூடியத் தொடாதே. போதுமா டீச்சர்?"

"காதுல விழுகுதா, இல்ல வாயி மட்டும் ஆடுதா?"

"ம்மா, விழுகுதும்மா."

விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ராகமாக ஒப்பிக்கிறவர்கள்தான் பரீட்சையில் மறப்பவர்கள்.

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தோம். போன வருடம் பூஜை சமயத்தில் கார் பட்டறையில் கிடந்தது, அதனால் இந்த வருடம் கொஞ்சம் கூடுதலாகவே செய்தோம். கணவர் மாட்டுத்தாவணி பூச்சந்தையிலிருந்து கேந்தி மாலை வாங்கிவந்தார். மற்ற கார்களுக்குக் கட்டுகிற அளவு. மாலை நீளம், காரோ குட்டை. மிச்சத்தை மடித்து மடித்து அந்த முன்வாய் நிறையக் கட்டினேன். வேகத்தில் பறந்துவிடக் கூடாதே என்று மேலே நூலால் நாலு சுற்றும் சுற்றினேன். இரண்டு ஓரத்திலும் வாழைக்கன்று. அதன் இலைகள் தரையில் இழுபடாமல் குறுக்கே மடக்கி நூலுக்குள் செருகிவிட்டேன்.

மறுநாள் கிளம்பும்போது மகள் கேட்டாள், "இதக் கழட்டிட்டுப் போகவா?"

"சாமிக்குப் போட்டத யாராச்சும் கழட்டுவாங்களா? அதுவும் மொத மொத தனியாப் போறப்ப."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். தெரு திரும்பும்வரை வாசலில் நின்று கேட்டேன். புதுச் சத்தம் எதுவும் இல்லை.

அந்த நாலு இருபதுக்குத் திரும்ப வருகிறேன். கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் போகும்போதுதான் என் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

"என்னங்க, போன வச்சுட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"சாமி அலமாரியில."

"நல்ல எடந்தான். வர்ற போனையெல்லாம் சாமி எடுத்துப் பேசட்டும்." அவருடைய போனிலிருந்து மகளுக்கு அடித்துப் பார்த்தோம். ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போடு என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். தோழியின் எண் என் போனில்தான் இருந்தது.

சிந்தாமணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு டீக்கடைக்கு எதிரே கார் நின்றது. ஒழுங்காக ஓரங்கட்டி, கியரில் போட்டு, பூட்டி. எங்கும் ஒரு நசுங்கல்கூட இல்லை. கார் முன்னால் குந்தினேன். சூடு இன்னும் முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாசனை. சுடுசோற்றை வாழை இலையில் கட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. கேந்திப் பூக்கள் வெளிப்பக்கம் மஞ்சளாக இருந்தன. விரலை விட்டுப் புரட்டினால் உள்பக்கம் வெந்து பழுப்பாகியிருந்தன. அந்த வாய் வழியாகத்தான் ரேடியேட்டருக்குக் காற்று போக வேண்டும். ஒரு இண்டு இடுக்கு விடாமல் நான் அடைத்துவைத்திருந்தேன்.

கணவரும் குனிந்து பார்த்தார். "வாயையும் கட்டிட்டு ஓடவும் சொன்னா, அது எங்கிட்டு மூச்சு விடும்?" என்றார். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

அப்போதுதான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். கண்ணாடி துடைக்கக் காரில் வைத்திருக்கும் பூப்போட்ட துண்டு. எஞ்சினிலிருந்து வழிந்த, பச்சை நிற ரேடியேட்டர் தண்ணீர் தரையில் பரவியிருந்தது. துண்டு அதில் பாதி நனைந்து கிடந்தது. மெக்கானிக்கின் கை என் கண் முன்னால் வந்து நின்றது. துணி வச்சுத்தான் தொறந்தேன் டீச்சர்.

டீக்கடைக்கு ஓடினேன். கடையில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவப்புக் காருல வந்த பாப்பாவா? ஷேர் ஆட்டோவுல ஏறிப் போயிருச்சே."

"எந்தப் பக்கம்?"

"அவனியாபுரம் பக்கந்தான். போயி ரொம்ப நேரமாச்சு."

"கையில துணி எதுவும் சுத்தியிருந்துச்சா? காயம் கீயம்?"

அவர் யோசித்தார். "அதக் கவனிக்கலக்கா. கைய ஒதறிக்கிட்டே நின்னுச்சு, அது மட்டுந்தான் பாத்தேன்."

கணவரைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகளை யோசிக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "நீ இங்கனயே நில்லு, நான் போயிப் பாத்துட்டு வாரேன்," என்று ஸ்கூட்டரைத் திருப்பினார்.

நான் காருக்குத் திரும்பி வந்து, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், நூலை அறுக்க ஆரம்பித்தேன். நாலு சுற்றும் அத்தனை இறுக்கம். பல்லால் கடித்து ஒன்றை அறுத்தேன். வெந்த பூ கை நிறைய வந்தது.

ஸ்கூட்டர் கிளம்பவில்லையே என்று தலையைத் தூக்கினேன். எதிரே அவனியாபுரம் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஓரத்தில் நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு பெரிய நீலப் பெட்டி இறங்கியது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டு தோழி. கடைசியாக, பெரிய தண்ணீர் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு என் மகள்.

சாலையைக் கடந்து வரும்போதே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். என் கையில் இருந்த பூவை, சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த துண்டை, என் முகத்தை. கேனைத் தரையில் வைத்தாள். கிட்டே வந்து, இரண்டு கையையும் முழங்கைவரை எனக்கு முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"பானெட்டு சுட்டுச்சு, அதுக்குத்தான் துணி எடுத்தேன்," என்றாள். "மூடியத் தொடலம்மா. ஆறட்டும்னு விட்டுட்டு, அதுக்குள்ள இவளக் கூட்டியாரப் போனேன்."