லூர்து கேட்ட டூப்பு

8-3-1954. டிரெய்லர் டயர், பழையது, இரண்டு: ரூ. 90-0-0
21-6-1954. டூப்புக்கு ஒட்டு: ரூ. 1-4-0
7-9-1954. குளியல் தொட்டி ஒன்று, எண்ணூருக்கு, கூலி: ரூ. 14-0-0
7-9-1954. குளியல் தொட்டி மேலும் ஒன்று, மாட்டு வண்டி வாடகை: ரூ. 6-8-0
7-9-1954. கிழிந்த வலை, இடது கால் செருப்பு ஒன்று: ரூ. 1-12-0

இந்த ஐந்து வரிகளுக்கும் காரணமான லூர்து ராயபுரத்தில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். துறைமுகத்தில் ஏழு வருடம் கைவண்டி இழுத்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு டிராக்டர் ஓட்ட வந்தார். அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். பிரேக் மிதிக்க வேண்டுமென்றால் இருக்கையின் நுனிக்கு வருவார். ஆறு மாதம் எந்தச் சரக்கும் உடையாமல், தாமதமாகாமல் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி கைவண்டி. ஆறாவது மாதத்தின் கடைசி நாள் 7-9-1954.

அன்றைய சரக்கு, கப்பலில் வந்த இரும்புக் குளியல் தொட்டி. எண்ணூர்க் கடலோரப் பங்களாவில் இருந்த ஆவுடையம்மாளுக்கு மாலை நான்கு மணிக்குள் சேர வேண்டும். காலை 10-15க்கு, திருவொற்றியூர் தாண்டியதும், டிரெய்லரின் இடது டயர் வெடித்தது. சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த கெங்கம்மா, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தரையோடு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துத் தொழிற்சாலை வாசலிலிருந்து லூர்து டெலிபோன் செய்தார். எடுத்தவன் நான், ஸ்டோர் குமாஸ்தா.

"நைனா, டூப்பு பூட்ச்சி. வேற ஒண்ணு அனுப்பு."

கம்பியில் ஒரே இரைச்சல். டயருக்குள் இருக்கும் டியூப்பை எங்கள் ஆபீசில் டூப்பு என்போம், குளியல் தொட்டியை டப்பு என்போம். என் காதில் டப்பு என்றே விழுந்தது.

"முழுசா போச்சா?"

"வாயப் பொளந்துகினு கீது நைனா."

"என்ன அளவு?"

"அதே சைஸ்தான். சீக்கிரம் அனுப்பு. நாலு மணி தாண்டினா என் பொழப்பு பேஜாராப் பூடும்."

'தொட்டி வெடித்தது, 10-40' என்று பதிவேட்டில் மையால் எழுதினேன். இரும்புத் தொட்டி எப்படி வெடிக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொந்தக்காரர் வேண்டாமென்று விட்டுப்போன அதே அளவுத் தொட்டி ஒன்று கிடங்கில் கிடந்தது. அதை வேம்புவின் மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி 1-25.

"இந்தா மாமு, நீ கேட்ட டப்பு" என்றார் வேம்பு.

லூர்து மாட்டு வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். "இத்த எப்டி டயருக்குள்ள வெக்கறது?"

"கேட்டவன் நீ. நீதான் சொல்லணும்."

"நான் டூப்பு கேட்டேன்யா."

"சீட்டுல டப்புன்னு கீது. திருப்பி எடுத்துகினு போனா கேட்ல உட மாட்டான்."

கெங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒண்ணுல நீ குளி, ஒண்ணுல அவரு குளிக்கட்டும். அதுக்குள்ள டயரு மனசு மாறிடும்."

சிரித்து முடித்ததும் அவரேதான் வழி சொன்னார். டயரில் இருந்த ஓட்டையை உள்ளிருந்து அவர் புருஷனின் இடது கால் செருப்பால் அடைத்தார்கள். டூப்பு இருந்த இடத்தில், கருவாடு கட்டிவைத்திருந்த பழைய வலையை நெருக்கித் திணித்தார்கள். இரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். டிரெய்லர் முன்னே, மாட்டு வண்டி பின்னே, அதற்கும் பின்னே பூனைகள். பூனைகள் ஒன்பது என்றார் லூர்து, பதினொன்று என்றார் வேம்பு. இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பங்களா வாசலை அடைந்தபோது மணி 3-52. ஆனால் பதிவேட்டைப் பார்த்த மேனேஜர், தொட்டி வெடித்ததாகவே முடிவு செய்தார். தவறு என்னுடையது என்றேன்.

"இருபத்திரண்டு வருஷமா உங்க பதிவேடு தப்பினதில்லை. லூர்துதான் ஏதோ மழுப்பறான். அந்த அம்மா எழுதித் தரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அதுவரை லூர்துவுக்குக் கைவண்டி. தினமும் என் ஜன்னலைக் கடக்கும்போது நின்று கேட்பார்: "நைனா, கடுதாசி வந்துச்சா? இல்ல, அதுக்கும் டப்புதான் வருமா?"

ஆவுடையம்மாளுக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். முதல் பதிலில், பூனைகள் போகவில்லை, ஆள் அனுப்பவும் என்று இருந்தது. இரண்டாவதில், கூடுதலாக வந்த தொட்டிக்குப் பணம் தரமாட்டேன் என்று இருந்தது. தொட்டிகளின் நிலை பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை. மூன்றாவதில்தான் எழுதியிருந்தார்: 'இரண்டு தொட்டிகளும் உடையாமல், நான்கு மணிக்கு முன்பே வந்தன. ஒன்றில் நான் குளிக்கிறேன். மற்றதில் பூனை குட்டி போட்டிருக்கிறது.'

மேனேஜர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, லூர்துவின் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கடிதம் வந்த தேதி 29-11-1954.