கடலில் நிற்பவர்களுக்காக

சூசைதாசனின் சம்பளத்தில் பாதியைச் சங்கம் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு சதம்கூடக் கடன் எடுத்தவனல்ல. பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் வள்ளத்துக்கு மெசின் வாங்க மீனவர் சங்கத்தில் கடன் எடுத்தபோது பிணைக் கையெழுத்து வைத்தான், அவ்வளவுதான். குருநகரில் கூட்டாளி வந்து கேட்டால் எவன் மாட்டேன் என்பான்?

எண்பத்து நான்காம் ஆண்டு அடைக்கலநாதன் தொழிலுக்குப் போனான். நேவி சுட்ட சத்தம் கரைக்குக் கேட்டது. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சங்கத்துச் சட்டத்தைக் கேளுங்கள்: கடன்காரன் செத்தால் கடன் தள்ளுபடி, காணாமல் போனால் பிணைக்காரன் கட்டவேண்டும். நாசமாய்ப் போன சட்டம்! சூசைதாசன் வேலை செய்த ஐஸ் பக்டரிக்குக் கடிதம் போனது. அந்த மாதமே சம்பளம் பாதியாயிற்று.

"வேலியிலை போன ஓணானை எடுத்து மடியிலை கட்டினீங்கள்," என்று பெண்சாதி லூர்த்தம்மா கரித்துக்கொட்டினாள். ஒருநாள் பிள்ளைகளுக்கு வெறுங்கஞ்சியை ஊற்றிவிட்டு அழுதாள். "செத்தவனுக்காக உசிரோடை இருக்கிற நாங்கள் சாகிறதோ? போய்ச் சங்கத்திலை கதையுங்கோவன்."

செத்தவன் என்று இவள் சொல்லிவிட்டாள். அடைக்கலநாதனின் பெண்சாதி மார்கிரட் சொல்லவில்லையே! அவள் கறுப்பு உடுக்கவில்லை, பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. அந்தியில் செபமாலை சொல்லும்போது புருஷனின் பெயரைச் செத்துப்போய் உத்தரிக்கிற ஆத்துமாக்களோடு சேர்க்கமாட்டாள். கடலில் நிற்பவர்களோடுதான் சேர்ப்பாள். கிடுகுவேலிக்கு இப்பால் இருக்கிற சூசைதாசனுக்கு அது தினமும் கேட்கும்.

சம்பளப் பிடிப்பை எதிர்த்து அவன் மனுப் போட்டான். விசாரணையன்று சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை வேதப்புத்தகத்தை அவன் முன்னால் வைத்தார்.

"அடைக்கலநாதன் செத்ததுக்கு என்ன சாட்சி?"

பின்வரிசை வாங்கில் மார்கிரட் இருந்தாள். மனைவி என்றபடியால் அவளையும் அழைத்திருந்தார்கள். சூசைதாசன் வேதப்புத்தகத்தில் கைவைத்தான். பிள்ளைகளின் கஞ்சிக்கோப்பை கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் கண்டனான்," என்றான். "மண்டைதீவுக் கரையிலை செத்துக் கிடந்தவன். நேவிக்குப் பயந்து விட்டிட்டு ஓடியந்திட்டன்."

பச்சைப் பொய்! வேதத்தில் கைவைத்துச் சொன்ன பொய். தலைவர் தலையாட்டினார், இனிமேல் சம்பளத்தில் கைவைப்பதில்லை என்று தீர்ந்தது. மார்கிரட் எழுந்து போனாள்.

பொழுதுபட வேலியடிக்கு வந்து கூப்பிட்டாள்.

"அண்ணை, முகம் தெரிஞ்சதோ?"

"ஓம்."

"கண் மூடியிருந்ததோ?"

"ஓம் பிள்ளை. மூடித்தான் இருந்தது."

"பின்னை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் வேலியை விட்டு வீட்டுக்குள் போனான்.

வழக்கு வென்ற சந்தோஷத்தில் லூர்த்தம்மா கடைக்காரனிடம் கடன் சொல்லி அரிசியும் மீனும் வாங்கிச் சமைத்திருந்தாள். பிள்ளைகள் ஆலாய்ப் பறந்து சாப்பிட்டார்கள். அடுத்த வீட்டில் செபமாலை தொடங்கியது. கடலில் நிற்பவர்களுக்காக மார்கிரட் வேண்டினாள். அதில் அடைக்கலநாதனின் பெயர் இல்லை. உத்தரிக்கிற ஆத்துமாக்கள் என்று தொடங்கினாள். பிறகு புருஷனின் பெயரைச் சொன்னாள்.

சூசைதாசன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்தான்.