வெந்நீருக்கு ஒதுக்கிய கால்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது பிளாரன்சின் வேலை. அது 1974. ஜீவமணி டீச்சர் அந்தத் தட்டுகளில் கிருமி வளர்த்து, ஒன்றில் மாதுளந்தோல் சாற்றையும் இன்னொன்றில் வெறும் தண்ணீரையும் விடுவார். சாறு விழுந்த இடத்தைச் சுற்றிக் கிருமி அண்டாது. தண்ணீர்த் தட்டிலோ மொய்த்துக் கிடக்கும். தட்டைக் கழுவுகிறவளுக்குக் கண் இல்லையா என்ன! சங்கு குளிக்கும் அவள் புருஷன் மரியானுக்குக் கடலடிப் பாறை கிழித்து இரண்டு பாதமும் சீழ் வைத்திருந்தது.

"இந்தத் தோலை அவிச்சு எங்க வீட்டுக்காரர் காலைக் கழுவட்டுமா டீச்சர்?"

"கழுவிப் பாரு. ஆனா ஒரு காலுக்குத் தோல் தண்ணி, மத்ததுக்கு வெறும் வெந்நி. அப்பத்தான் எது ஆத்துச்சுன்னு தெரியும்."

பிளாரன்சு தலையாட்டிவிட்டுப் போனாள். எட்டாம் நாள், இரண்டு பாதமும் ஆறிவிட்டதென்று அவள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னதும் டீச்சரின் முகம் சுருங்கியது.

"வெந்நி ஊத்துன காலுமா?"

பிளாரன்சுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஊத்தணும்னுதான் உக்காந்தேன், கை வரல. ரெண்டு காலையும் சேத்து உதைச்சாத்தான டீச்சர் அவரு தண்ணிக்கு மேல வருவாரு? அதுல எதை நான் ஒதுக்க?"