செவப்பிக்காக எழுதிய இரண்டு மனுக்கள்

நனைந்த அகத்திக்கீரையும் முயல் மூத்திரமும் கலந்த ஒரு வாடை... கேட்டைத் தாண்டியதுமே மூக்கில் ஏறும். அதற்கப்புறம்தான் லவ் பேர்ட்ஸ் சத்தமே காதில் விழும்.

திருத்தங்கலில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, ஊர்ப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தன் குடோனுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்திருந்த சின்ன ஜூ அது. அந்தப் பக்கம் வளர்ந்த உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். டிக்கெட் கிடையாது. இரண்டு ஈமு, ஏழெட்டு முயல், லவ் பேர்ட்ஸ், வாத்து, கினிக்கோழி, அப்புறம் ஒரு குரங்கு. அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம், பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற குடும்பமெல்லாம் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, அங்கே கூட்டி வந்துவிடும்.

எனக்கு அப்போது இருபது வயது. காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தேன். வாரம் முழுக்க தேதியையும் திதியையும் பார்த்த கண்ணுக்கு அந்த ஜூதான் லீவு.

அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது செல்லக்கனி அக்கா. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வந்து, வேலையை விட்டவர். சாத்தூர் ரோட்டில் லாரி அடித்துக் கிடந்த தாய்க்குரங்கின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டியை, முந்தானையில் சுற்றி எடுத்து வந்து பாட்டில் பால் கொடுத்து வளர்த்தார். செவப்பி என்று பெயரும் வைத்தார்.

"ஏ புள்ள, எந்திரிச்சு வா. ஜோதி வந்துருக்கா பாரு" என்பார். செவப்பி கம்பி வழியாகக் கையை நீட்டி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும்.

கூண்டு ரொம்பச் சின்னது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தீபாவளி சீசன் வந்தது. ஒரு ஞாயிறு, பக்கத்து மைதானத்தில் புது ஐட்டம் வெடித்துப் பார்த்தார்கள். அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் செவப்பி மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து நடுங்கியது. விரலை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கலெக்டருக்கு ஒரு மனு எழுதினேன். குரங்கு படும் பாடு, கூண்டின் அளவு, வெடிச் சத்தம்... எல்லாம். பெயர் போடவில்லை. செல்லக்கனி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா பிரஸ் வாசலில் வந்து நின்றார்.

"எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான் ஜோதி. வனத்துறைலருந்து வந்து பாத்துட்டுப் போயிட்டாக, செவப்பியக் கொண்டு போகப் போறாகளாம். கூண்டு சின்னதுன்னு நானே மொதலாளிட்ட மூணு தடவ சொல்லி, சீசன் முடிஞ்சதும் பெருசாக் கட்டித் தாரேன்னுட்டாக. வெல்டிங்காரன் வந்து அளவுகூட எடுத்துட்டான். எனக்கு எளுத வராது. கலெக்டருக்கு நீ ஒரு மனு எளுதித் தா தாயி."

எழுதிக் கொடுத்தேன். முதல் மனுவின் கையெழுத்தோடு ஒத்துப் போய்விடுமோ என்ற பயத்தில், எழுத்தையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்து எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை மனுநாளில் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு அக்காவோடு நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். "குரங்கக் கூண்டுல வச்சிருக்கவே கூடாதும்மா. சட்டம் அப்படி."

செவப்பியை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் கொண்டு போய் விட்டார்கள். எதற்கு வம்பு என்று முதலாளி ஜூவையே மூடிவிட்டார். அக்காவுக்கும் வேலை போயிற்று.

அக்கா வாராவாரம் பஸ் ஏறி அங்கே போவார். ஒரு தடவை நானும் போனேன். "செவப்பீ..." என்று கூப்பிட்டதும் மரத்திலிருந்து இறங்கி ஓடி வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. அக்கா மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"இங்கன இருக்க கூட்டம் இவளச் சேத்துக்கிட மாட்டேங்குது. மனுசக் கையில வளந்ததுக்கு மனுசரத்தான தெரியும்?"

நாங்கள் கிளம்பியபோது பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தது. அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டபோது வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

நானும் கூடப் போன அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னது இதுதான்: "கடுதாசி போட்டவன வையவும் மனசு வரல ஜோதி. அவனும் செவப்பி நல்லா இருக்கணும்னுதான போட்டிருப்பான்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுதியது தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்காமல் எழுதியது தப்பு. சொல்லாமல் இருந்தது அதைவிடத் தப்பு.

கல்யாணமாகி விருதுநகர் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஜூ இருந்த இடத்தில் இப்போது பேப்பர் குடோன். மகளைப் பெரிய பெரிய ஜூக்களுக்கெல்லாம் கூட்டிப் போயிருக்கிறேன். அகழிக்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் படுத்திருக்கிறது புலி. அதன் பெயர் என்ன என்று மகள் கேட்டால் சொல்ல அங்கே ஆள் இல்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் செல்லக்கனி அக்காவைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்திலிருந்த மருமகளிடம் சொன்னார்: "செவப்பிக்காக மனு எளுதித் தந்துச்சுல்ல, இந்தப் புள்ளதான். பெத்த மக மாதிரி கூடவே அலைஞ்சா." என் கையை விடாமல், "ஒரு நா வீட்டுக்கு வா. ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றார்.

வருகிறேன் என்றேன்.

முன்பெல்லாம் ஞாயிறு வந்தால், யோசிக்கவே மாட்டேன்... கால் தானாக அக்கா இருக்கிற பக்கம் போய்விடும். இப்போது மூன்று ஞாயிறாக பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகிறேன். திருத்தங்கல் போகிற பஸ் வந்து நிற்கிறது, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. நான் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன்.